யாழ்ப்பாணத்தான் போகும் கோடு

கரையை விட்டுக் கிளம்பினால் காரைக்கால் மாதா கோவில் கோபுரம்தான் முதலில் தாழும். பிறகு தென்னைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கும். கடைசிவரைக்கும் நிற்பது நாகூர் மினார். அதுவும் முங்கிவிட்டால் கோலா மீனுக்குப் போகிறவனுக்கு அடையாளம் என்று ஒன்றும் கிடையாது. சுற்றிலும் ஒரே தண்ணீர். ஆனால் வானத்தில் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மெட்ராசுக்குப் போகும் விமானம்.

காலையில் வடக்கே போகும், சாயங்காலம் தெற்கே திரும்பும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வராது. காரைக்கால்மேட்டில் யாரும் அதை விமானம் என்று சொல்வதில்லை, யாழ்ப்பாணத்தான் என்பார்கள். தாழத்தான் பறக்கும், அதுவும் அவசரமில்லாமல். அதன் பாதை கடல் மேல் கோடு கிழித்த மாதிரி மாறாமல் இருந்தது. அந்தக் கோட்டை வைத்து மேட்டுக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தான் நமக்குக் கிழக்கே போனால் இன்னும் தூரம் போகலாம். தலைக்கு மேலே போனால் அங்கேயே நின்று மீனுக்குத் தழையை இறக்க வேண்டும். மேற்கே போய்விட்டால் எல்லை தாண்டிவிட்டோம் என்று அர்த்தம், போட்டது போட்டபடி திரும்ப வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு வருசத்துக்கு முன் பாய்மரம் ஒடிந்து அலைந்த ஒரு கட்டுமரத்தை அந்த விமானம் பார்த்துவிட்டது. தாழ இறங்கி இரண்டு சுற்றுச் சுற்றியது. அது யாருக்கோ சொல்லி, அவர்கள் யாருக்கோ சொல்லி, நாகப்பட்டினத்திலிருந்து என்ஜின் வைத்த லாஞ்சு போய் இழுத்து வந்தது. அன்றிலிருந்து மரத்தில் ஏறுகிற ஒவ்வொருவனும் ஒரு சிவப்புத் துணியை மடித்து எடுத்துப் போனான். ஆபத்து என்றால் கோட்டுக்குக் கீழே போய்த் துணியைக் காட்டு, அவன் பார்ப்பான்.

இதெல்லாம் கடலில் போகிறவர்கள் கணக்கு. கரைக்கு அந்தச் சத்தம் எட்டாது. யாழ்ப்பாணத்தான் இன்றைக்கு வந்தானா இல்லையா என்பது கரையில் இருக்கும் பெண்களுக்குத் தெரிய வழியில்லை.

அந்த வருசம் வைகாசியில் கோலா நன்றாகப் பட்டது. ஐப்பசிப் புயல் மரங்களையும் வீடுகளையும் அள்ளிக்கொண்டு போன பிறகு வந்த முதல் பருவம். மலர்க்கொடியும் அவள் மாமியார் கமலாம்பாளும் தருமபுரம் பக்கத்து வயல் வரப்புகளில் கொளுஞ்சிச் செடி அறுத்துக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்தார்கள். அந்தத் தழையைக் கயிற்றில் கோத்து மிதக்கவிட்டால் கோலா முட்டையிட வந்து மொய்க்கும். அள்ளுவலையால் அள்ள வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை விடியலில் இரண்டு மரம் கிளம்பியது. ஒன்றில் மலர்க்கொடியின் சித்தப்பா அமிர்தலிங்கமும் அவர் ஆட்களும். இன்னொன்றில் அவள் புருசன் நீலமேகம், அவன் தம்பி சிங்காரவேலு, கூட நாலு பேர். மூன்று நாளைக்குத் தண்ணீர், கட்டுச்சோறு, சுட்ட கருவாடு.

செவ்வாய்க்கிழமை காலை மலர்க்கொடி மீன் கூடையோடு டவுனுக்குப் போனாள். நூர் அகமது மரைக்காயர் வீட்டில் எப்போதும் வாங்குவார்கள். கைலியும் புடவையும் கொண்டுபோய் யாழ்ப்பாணத்தில் விற்றுவிட்டு வருகிறவர் அவர். அன்று வாசல் கட்டிலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

"என்னங்க மரைக்காயரே, எப்ப வந்தீங்க? யாழ்ப்பாணத்தான்லயா?"

"எங்க புள்ள. தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல ரயிலப் புடிச்சு, ரயில்ல கக்கூசு பக்கத்துல குந்தி வந்திருக்கேன். இடுப்பு எலும்பு எத்தனைன்னு இப்ப எண்ணிச் சொல்லுவேன்."

"ஏன், அதுல எடம் இல்லேன்னுட்டானா?"

"அது மவுத்தாப்போச்சு."

மலர்க்கொடி சிரித்தாள். மரைக்காயரின் மனைவி மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நெசமாத்தான் மலரு. வந்ததுலேருந்து அதுக்குத்தான் ஒப்பாரி. நான் செத்தாக்கூட இவ்வளவு அழ மாட்டாரு."

"நீ என்னை ஆகாசத்துல தூக்கிட்டுப் போனியாடி? அது தூக்கிட்டுப் போச்சு." அவர் எழுந்து உட்கார்ந்தார். "மலரு, அது பட்டாளத்து விமானம். யுத்தத்துல பர்மாவுக்குச் சிப்பாயி ஏத்திக்கிட்டுப் போனது. யுத்தம் முடிஞ்சதும் வெள்ளைக்காரன் ஓட்ட ஓடசல் விக்கிற மாதிரி வித்துட்டான். வாங்குனவன் வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி மேல ஒரு பெயிண்டு. சொரண்டுனா உள்ள பச்ச தெரியும். கதவுகிட்ட ஒரு எடத்துல குண்டு தொளச்சிருக்கு. சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவாங்கள்ல, அப்புடி ஒரு தகரம். நான் எப்பவும் அதுகிட்டதான் குந்துவேன்."

"பயமா இருக்காது?"

"ஒரு தடவ குண்டு பட்ட எடத்துல மறுதடவ படாதுன்னு ஒரு தெகிரியம். நிக்கிறப்ப வால் தரையில கெடக்கும், மூக்கு தூக்கிக்கிட்டு இருக்கும். உள்ள நடந்தா மேடு ஏறுற மாதிரி. மேல நெடுக்க ஒரு கம்பி. சிப்பாயிங்க கொடையை மாட்டிக்கிட்டுக் குதிப்பானுங்களாம். நம்ம சனம் அதுல வாழத்தாரு தொங்கவிடும். ஒருக்க ஆடு ஏத்துனானுங்க. ஒருக்க பொண்ணு மாப்பிள்ள ஏறுனாங்க, அந்தப் பொண்ணு மெட்ராசு வரைக்கும் வாந்தி. பைலட்டு ஜன்னலத் தொறந்து வச்சுக்கிட்டு சுருட்டுக் குடிப்பான்."

"இப்ப எங்க அது?"

"கொழும்புல ஒரு ஓரமா நிக்கிது. என்ஜினக் கழட்டியாச்சு. அலுமினியத்துக்கு ஆள் பாக்குறான். சட்டியாவும் கரண்டியாவும் ஆயி உங்க வீட்டுக்கே வந்தாலும் வரும்."

"எப்பலேருந்து ஓடல?"

"போன வெள்ளியோட சரி. இனிமே மெட்ராசுக்குக் கொழும்புலேருந்துதான், அதுவும் பெரிய விமானம். மேகத்துக்கு மேல போவுதாம். கண்ணுக்கே தெரியாது."

மலர்க்கொடி விரல் மடக்கி எண்ணினாள். வெள்ளிக்கிழமை. மரம் போனது ஞாயிறு. சும்மாடு தலையிலிருந்து நழுவி விழுந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

"என்னா புள்ள?"

"அவரு அதப் பாக்காம திரும்ப மாட்டாரு," என்றாள்.

மரைக்காயர் முதலில் புரியாமல் பார்த்தார். அவள் கோட்டுக் கணக்கைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் இடுப்பு வலியை மறந்துவிட்டுச் சட்டையைத் தேடினார்.

இருவரும் மீன்துறை ஆபீசுக்குப் போனார்கள். பாலகுரு என்ற குமாஸ்தா நல்ல மனிதர்தான். விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்துவிட்டுக் கேட்டார்.

"மரம் காணாமப்போயிடுச்சா?"

"இல்லைங்க. இன்னக்கி வரணும்."

"பொழுது இன்னும் இருக்கேம்மா."

"யாழ்ப்பாணத்தான் நின்னுப்போச்சுங்க."

பாலகுரு மரைக்காயரைப் பார்த்தார். மரைக்காயர் விளக்கினார். பாலகுரு பேனாவைத் திறந்தார், மூடினார். "பாய், அது அடுத்த தேசத்து விமானம். அது வரலேன்னு நான் யாருக்கு எழுதுறது? மரம் வரலேன்னா சொல்லுங்க, பாண்டிச்சேரிக்குத் தந்தி குடுக்குறேன். அவங்க மெட்ராசுக்குச் சொல்லுவாங்க. விமானம் வரலேன்னு மீன்துறையில என்னான்னு புகார் எடுக்குறது?"

"அது சுத்திப் பாக்குறதுக்காவது ஒரு தடவ வருமாங்க?" என்றாள் மலர்க்கொடி.

"என்ஜின் இல்லம்மா அதுக்கு," என்றார் மரைக்காயர் மெதுவாக.

அவள் மேட்டுக்குத் திரும்பியபோது மத்தியானம். வெயில் மணலில் நெளிந்தது. கடல்காற்று எழவேண்டிய நேரம், எழவில்லை. கரையிலிருந்து கடலைப் பார்த்துக் கச்சான் என்ற மேல்காற்றுதான் அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் மரத்தைக் கரைக்குக் கொண்டுவருவது மலை ஏறுவதற்குச் சமம்.

சாயங்காலம் ஒரே ஒரு மரம் வந்தது. அமிர்தலிங்கத்தினுடையது. ஆறு பேரும் துடுப்பு வலித்தே வந்திருந்தார்கள். உள்ளங்கையெல்லாம் தோல் உரிந்து தொங்கியது. மீன் கொஞ்சம்தான். பெண்கள் மீனைப் பார்க்காமல் பின்னால் கடலைப் பார்த்தார்கள்.

"சித்தப்பா, அவங்க எங்க?"

அமிர்தலிங்கம் தண்ணீரை வாங்கி அண்ணாந்து குடித்தார். குடித்து முடிக்கும் வரைக்கும் அவள் நின்றாள்.

"நேத்து பொழுது சாயறப்ப பக்கத்துப் பக்கத்துலதான் கெடந்தோம். ரெண்டு நாளா யாழ்ப்பாணத்தானக் காணும். நான் கத்துனேன், டேய், தண்ணி நீவாடு கெழக்க இழுக்குது, காத்தும் சரியில்ல, தழையை ஏத்துடான்னு. அவன் இருங்க மாமா, இன்னக்கி அது வராத நாளு, நாளைக்கி வந்துடும், வந்ததும் எங்க இருக்கோம்னு பாத்துக்கிட்டுக் கெளம்புவோம்னான். சிங்காரம் அங்கேருந்து சிரிக்கிறான், பெருசுக்கு வீட்டு நெனப்பு வந்துடுச்சுன்னு. நான் வந்துட்டேன்."

"அது இனிமே வராது சித்தப்பா."

"எது?"

அவள் சொன்னாள். அமிர்தலிங்கம் மணலில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நாளைக்கும் நிப்பான்," என்றார். "நாளைக்கி நின்னா மறாநாளு அவனால திரும்ப முடியாது பாப்பா. திரும்ப முடியாதுன்னு தெரிஞ்சா கோட்டத் தேடிக்கிட்டுப் போவான், துணி காட்டுறதுக்கு."

கமலாம்பாள் எதையும் கேட்டமாதிரி காட்டவில்லை. அடுப்பில் புளியைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். "நம்ம ஆளுங்களுக்குத் தெரியாத கடலா," என்றாள். "ஆகாசத்துல ஒண்ணு ஓடலேன்னா கடல்ல மீன் புடிக்க முடியாதா. எங்க மாமனாரு காலத்துல எந்த யாழ்ப்பாணத்தான் வந்தான்?"

"அவரு காலத்துல இவ்வளவு தூரம் போவல அத்தே."

"வாய மூடுடி."

இரண்டு பேரும் சாப்பிடவில்லை. குழம்பு அப்படியே இருந்தது.

மறுநாள் அமிர்தலிங்கமும் வேறு மூன்று மரக்காரர்களும் தேடிப் போனார்கள். நாகூர் மினார் மறையும் தூரம் வரை போய்விட்டுக் காற்றுக்கு அஞ்சித் திரும்பினார்கள். பாலகுரு தந்தி கொடுத்தார். தந்திக்குப் பதில் வரவில்லை. அவரே மேட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் வெயிலில் நின்றுவிட்டுப் போனார்.

இனி மிச்சமிருந்தது லாஞ்சு. அரசலாற்று முகத்துவாரத்தில் மாரிக்கண்ணுவின் லாஞ்சு கட்டிக் கிடந்தது. லாஞ்சுக்காரர்களுக்கும் மரக்காரர்களுக்கும் ஆகாது. லாஞ்சு இழுக்கிற மடி வலையில் மரக்காரர்களின் வலை சிக்கிக் கிழிந்ததும், மரக்காரர்கள் லாஞ்சின் மடியை அறுத்துவிட்டதும் மாசியில் பெரிய தகராறாகி போலீஸ் வரைக்கும் போயிருந்தது. அறுத்தவன் நீலமேகம். ஊருக்கே தெரியும்.

மாரிக்கண்ணு என்ஜின் மூடியைத் திறந்து வைத்து எண்ணெய்த் துணியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். மலர்க்கொடி கரைச் சேற்றில் நின்றாள்.

"அண்ணே."

"கேள்விப்பட்டேன்," என்றார் அவர் நிமிராமலே.

"நீங்கதான் போவணும்."

"இந்தா, இந்தப் பலகையப் பாரு. உம் புருசன் கல்ல வுட்டு அடிச்ச தடம். மடிய அறுத்ததும் இல்லாம கல்லு வேற. எந்தப் புள்ள மண்டையிலயாவது பட்டிருந்தா?"

"அடிச்சாரு. இல்லேங்கல."

"அறுத்தானா இல்லியா?"

"அறுத்தாரு."

"அப்பறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்து நிக்கிறே?"

"இந்த மூஞ்சிதான் இருக்கு அண்ணே. வேற இல்ல."

மாரிக்கண்ணு துணியைத் தூக்கிப் போட்டார். முகத்துவாரத்தில் அலை மடிந்து வெள்ளையாக உடைந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். "எம்புட்டுத் தூரம்னு போறது? கடலு என்ன கொளமா?"

"கோட்டுக்கு அந்தப் பக்கம்."

"அந்தக் கோடு இப்ப எங்க இருக்கு?"

"இருந்த எடத்துக்கு அந்தப் பக்கம்."

அவர் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான். "விடியக் கெளம்புறேன். அமிர்தலிங்கத்த வரச் சொல்லு, எடம் காட்ட."

"நானும் வரேன்."

லாஞ்சில் வேலை செய்த இரண்டு ஆட்களும் கையை நிறுத்திவிட்டார்கள். கடலுக்குப் போகிற எதிலும் பெண் கால் வைப்பதில்லை. கரையில் கிடக்கும் மரத்தைக்கூட அவர்கள் தாண்டுவதில்லை.

"பொம்பள ஏறுனா அப்பறம் இந்த லாஞ்சுல எவனும் ஏற மாட்டான்," என்றார் மாரிக்கண்ணு.

"நான் இல்லேன்னா நீங்க பாதியில திரும்பிடுவீங்க."

"என்னான்னு நெனச்சே என்னிய?"

"தப்பா நெனைக்கல. டீசலு பாதி ஆனதும் யாரா இருந்தாலும் திரும்பத்தான் நெனைப்பாங்க. நான் எதுக்க உக்காந்திருந்தா திரும்புறது கஷ்டம்."

விடியலில் அவள் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் லாஞ்சில் ஏறினாள். யாரும் கைகொடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. கமலாம்பாள் கரையில் நின்று ஒரு குடம் தண்ணீரை அமிர்தலிங்கத்திடம் கொடுத்தாள். "ஒரேயடியா குடுத்துடாதீங்க," என்றாள். "நனச்சு நனச்சு குடுங்க. சின்னவன் அவசரக்காரன்."

கோபுரம் தாழ்ந்தது. தென்னை இறங்கியது. மினார் ஒரு ஊசியாகி மறைந்தது. மலர்க்கொடி இதையெல்லாம் காதால் கேட்டிருக்கிறாளே தவிரப் பார்த்ததில்லை. கரை என்பது இவ்வளவு சீக்கிரம் இல்லாமல் போகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. என்ஜின் புகை முகத்தில் அடித்தது. பலகையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். ஆட்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

முற்பகலில் ஒரு கொளுஞ்சிக் கட்டு மிதந்து வந்தது. அமிர்தலிங்கம் அதைத் தூக்கிப் பார்த்தார். தழை முழுக்க மீன்முட்டை, மணிமணியாக அப்பியிருந்தது. முடிச்சைப் பார்த்து, "நீலமேகம் கட்டுனதுதான்," என்றார். கயிறு அறுத்துவிடப்பட்டிருந்தது. "தழையை விட்டுட்டுப் போயிருக்கான். மீனுக்கு நிக்கல."

"எந்தப் பக்கம்?"

"இந்தக் காத்துக்கு ஒரு பக்கந்தான்."

கிழக்கே போனார்கள். மேகம் இல்லாத வானம். மலர்க்கொடி ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை. உச்சி சாய்ந்ததும் மாரிக்கண்ணு எண்ணெய்த் தொட்டியில் குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சியைத் துடைத்தார். மறுபடியும் விட்டுப் பார்த்தார். பிறகு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் எழுந்து போய்ச் சுக்கானைப் பிடித்துக்கொண்டார். லாஞ்சு திரும்பவில்லை.

இன்னும் கொஞ்ச தூரத்தில் அமிர்தலிங்கம்தான் பார்த்தார். அழுக்கு வெள்ளையாக ஒரு பாய். அது அவர்களை நோக்கி வரவில்லை, கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

"ஏன் இன்னும் போறான்?" என்றார் மாரிக்கண்ணு. "என்ஜின் சத்தம் கேக்கலியா?"

கிட்டே போகும்போதும் மரத்தில் யாரும் எழுந்து கையசைக்கவில்லை. பாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீலமேகம் மட்டும் உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் மரத்தின் மேல் குப்புறக் கிடந்தார்கள். தண்ணீர் ஏறி ஏறி அவர்கள் மேல் வழிந்தது. அமிர்தலிங்கம் குதித்து நீந்திப் போய்ப் பாயை இறக்கினார். ஒவ்வொருவராகத் தூக்கிக் கொடுக்க, லாஞ்சு ஆட்கள் வாங்கிக் கிடத்தினார்கள். மலர்க்கொடி முந்தானையைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு வாயிலும் பிழிந்தாள். முதலாமவன். இரண்டாமவன். உதடெல்லாம் வெடித்து உப்புப் பூத்திருந்தது. நாலு முகமும் பார்த்தாள். பிறகு புருசனிடம் வந்தாள்.

நீலமேகம் அவளைக் கடல் நடுவில் பார்த்ததற்கு ஆச்சரியப்படவில்லை. கண் அவள் தலைக்கு மேலே போய்ப்போய் வந்தது.

"சிங்காரம் எங்கங்க?"

அவன் துணியைச் சப்பினான். நாக்கு தடித்திருந்தது. வார்த்தை வர நேரமாயிற்று.

"அவன்தான் பாத்தான்."

"யாரு?"

"சிங்காரம். காத்தால. எந்திரிக்க முடியாமக் கெடந்தவன், அண்ணே சத்தம் கேக்குதுன்னான். எந்திரிச்சு நின்னான். அந்தா போறான் யாழ்ப்பாணத்தான்னு கெழக்கக் கையக் காட்டுனான். செவப்புத் துணிய உருவி ஆட்டுனான். ஆட்டிக்கிட்டே..." கை தண்ணீர்ப் பக்கம் போய் நின்றது. "நான் புடிக்கிறதுக்குள்ள. கை வரல எனக்கு."

பக்கத்தில் கிடந்த ஒருவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். என்ஜின் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. மாரிக்கண்ணு துண்டால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"எங்க கண்ணுக்குத் தெரியல," என்றான் நீலமேகம். "இவனுங்க ஒண்ணும் இல்ல, வெறும் ஆகாசங்கிறானுங்க. கெழக்க பாத்தான்னா நாம இன்னும் கோட்டுக்கு இந்தப் பக்கந்தானே இருக்கோம்? அதான் அவன் காட்டுன பக்கம் பாய வச்சேன். அடியில போயி நின்னா சாயங்காலம் திரும்புறப்ப பாத்துடுவான். சிங்காரத்தத் தேடச் சொல்லலாம்." அவள் கையைப் பிடித்தான். பிடியில் பலம் இல்லை. "நீங்க காத்தாலேருந்து கடல்லதானே வர்றீங்க. மேல அது போச்சுல்ல?"

அது இனி வராது என்ற ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் அவள் இவ்வளவு தூரம் வந்திருந்தாள். அமிர்தலிங்கம் அவளைப் பார்த்தார். மாரிக்கண்ணுவும் பார்த்தார்.

மலர்க்கொடி துணியை மறுபடி நனைத்தாள். அவன் உதட்டில் வைத்துப் பிழிந்தாள்.

"போச்சுங்க," என்றாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எந்தப் பக்கம்?"

"கெழக்கதான். சிங்காரம் காட்டுன பக்கந்தான்."

நீலமேகம் மற்ற நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். மாரிக்கண்ணு போய்ச் சுக்கானை மேற்கே ஒடித்தார்.